மேட்டூர் முதல் பூம்புகார் வரை சைக்கிளில்: மூன்றாம் நாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த தை மாதம் மேட்டூர் அணையில் கிளம்பி, காவிரி கடலில் சேரும் பூம்புகார் வரை மூன்று நாளில் சைக்கிளில் போனேன். முதல் நாள் கொடுமுடியிலும் இரண்டாம் நாள் ஸ்ரீரங்கத்திலும் தங்கினோம். மூன்றாம் நாள் கல்லணையைத் தாண்டி டெல்டாவுக்குள் நுழைந்து பொழுது சாயும்போது கடற்கரையைத் தொட்டேன். கணவர் கார் ஓட்டினார். அத்தையும், அதாவது என் மாமியார், வயது 68, ஒன்பதாவது படிக்கும் என் மகனும் அவரோடு வந்தார்கள். வந்த நாளிலிருந்து உறவுக்காரர்களும் என் பள்ளி ஆசிரியர்களும் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்றாம் நாளைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளும் பதில்களும் இதோ.

மூன்றாம் நாள் எவ்வளவு தூரம்? எந்த வழி?

என் சைக்கிள் மீட்டரில் 158 கிலோமீட்டர். ஸ்ரீரங்கத்தில் காலை 5.30க்குக் கிளம்பி, திருவானைக்காவல், உத்தமர்சீலி வழியாகக் கல்லணை. அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி, கண்டியூர். கண்டியூரில் இடப்பக்கம் திரும்பி, குடமுருட்டியையும் காவிரியையும் தாண்டினால் திருவையாறு. அப்புறம் திருப்பழனம், கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். மதியச் சாப்பாடு அங்கே. பிறகு திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, செம்பனார்கோயில், மேலையூர், பூம்புகார். போய்ச் சேர்ந்தபோது மாலை 6.10.

தஞ்சாவூர் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்திருந்தால் சாலை அகலமாக இருந்திருக்கும். ஆனால் ஆற்றைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்றுதான் இந்தப் பயணத்தையே நினைத்தேன். அதனால் கரையை விட்டு விலக மனம் வரவில்லை.

கார் பின்னாலேயே வந்துகொண்டிருந்ததா?

இல்லை. குடும்பத்தோடு போகிற எல்லோரும் முதலில் செய்யும் தவறு அதுதான். நாங்களும் முதல் நாள் காலையில் அப்படித்தான் செய்தோம். நான் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன், கார் அதே வேகத்தில் முதுகுக்குப் பின்னால் ஊர்ந்து வருகிறது. பின்னால் வரும் பேருந்து காரையும் தாண்ட வேண்டும், என்னையும் தாண்ட வேண்டும். ஆற்றங்கரைச் சாலையில் அதற்கு இடம் ஏது? பேருந்துக்காரர் ஹாரனை அழுத்த, கணவர் பதற, அவர் பதறுவது எனக்குத் தெரிய, மூன்று பேருக்கும் நிம்மதி போனது. ஒரு மணி நேரத்திலேயே முறையை மாற்றிவிட்டோம்.

மாற்றியது இப்படி: கார் முன்னால் போய்விடும். 15 முதல் 20 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில், சாலையை விட்டு இறங்கி நிழலில் நிற்கும். மகன் காருக்கு நூறு அடி முன்பே வந்து நிற்பான். நான் இடது கையைத் தூக்கினால் நிற்கப் போகிறேன் என்று அர்த்தம். கட்டைவிரலைக் காட்டினால் நலம், தண்ணீர் மட்டும் போதும். ஓட்டும்போது செல்போனை எடுக்க மாட்டேன். வர வேண்டிய நேரத்துக்கு மேல் இருபது நிமிடம் ஆகிவிட்டால், கணவர் நான் வர வேண்டிய அதே சாலையில் எதிர்த்திசையில் தேடிவர வேண்டும். இவ்வளவுதான் ஒப்பந்தம்.

பின்னால் வருவது பாதுகாப்பு என்று தோன்றும். முன்னால் போய்க் காத்திருப்பதுதான் உண்மையான துணை. அடுத்த நிழலில் என் ஆட்கள் நிற்கிறார்கள் என்ற நினைப்பில் மிதிக்கும் பதினைந்து கிலோமீட்டர் தனி விதமானது.

வழியில் ஒருவரை ஒருவர் தவறவிட்டீர்களாமே?

ஆமாம். டெல்டாவில் யார் சைக்கிள் எடுத்தாலும் இது நடக்கலாம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

திருவையாற்றில் பிரியும்போது, "பாபநாசம் பக்கத்தில் பார்ப்போம்" என்று கணவர் சொன்னார், நானும் சரி என்றேன். நான் போனது காவிரிக்கு வடகரையில், கபிஸ்தலம் வழியாக. அவருக்குப் போனில் வழிகாட்டி காட்டியது அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் – கும்பகோணம் சாலையை. பாபநாசம் இருப்பது தென்கரையில். இரண்டு ஊரும் எதிரெதிரே. பக்கத்து ஊர்கள்தான், ஆனால் நடுவில் ஆறு. நான் கபிஸ்தலத்தில் நிற்கிறேன், அவர்கள் பாபநாசத்தில் நிற்கிறார்கள். இருபது நிமிடம் ஆனதும் ஒப்பந்தப்படி அவர் தேடி வந்தார். ஆனால் தென்கரைச் சாலையில் எத்தனை தரம் தேடினாலும் நான் எப்படிக் கிடைப்பேன்?

என் பாட்டிலில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சம். நேரம் பத்தரையைத் தாண்டிவிட்டது. டீக்கடையில் இருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு சொம்பு மோர் கொடுத்தார். உப்பும் கறிவேப்பிலையும் போட்ட மோர். காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குள் காரில் இருந்த அத்தைதான் கண்டுபிடித்திருக்கிறார்: "அவ வடகரையில இருப்பாடா, நாம தென்கரைக்கு வந்துட்டோம். பாலத்தைத் தாண்டு." அவர் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கத்துக் கிராமத்தில். ஊரைக் கரையோடு சேர்த்துத்தான் அவருக்கு நினைவு. நாற்பது நிமிடம் போனது, நல்லவேளை அதோடு போனது.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. அதற்கப்புறம் காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு என்று கிளைகள் போய்க்கொண்டே இருக்கும். வரைபடத்தில் விரல்கடை தூரத்தில் இருக்கும் ஊருக்குப் பாலம் எங்கே என்பதுதான் இங்கே கேள்வி. அதனால் சந்திக்கும் இடத்தை ஊர்ப் பெயரால் மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஆறு, எந்தக் கரை, எந்தச் சாலை என்று மூன்றையும் சொல்லி, வண்டி ஓட்டுபவர் வாயால் திரும்பச் சொல்லக் கேளுங்கள். கபிஸ்தலத்துக்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

தை மாதம் சரியான காலமா? எதிர்க்காற்று அடிக்காதா?

அடிக்கும், அடித்தது. தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். நாம் போவது கிழக்கே. அதோடு மதியத்துக்கு மேல் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். காலையில் 20க்குக் குறையாமல் ஓடிய எனக்கு, மயிலாடுதுறைக்கு அப்பால் 15ஐத் தக்கவைப்பதே பெரிய பாடாக இருந்தது. அந்தக் கடைசி 24 கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்திலும் கடினமானது. டெல்டா சமதரை, ஏற்றமே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எதிர்க்காற்று இறக்கமே இல்லாத ஏற்றம் என்று அன்றைக்குப் புரிந்தது.

காற்று மட்டும்தான் கணக்கென்றால் ஆடி மாதம் போகலாம். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்களே, அந்த மேல்காற்று முதுகில் தள்ளும். ஆனால் வெயில் கடுமை. பதினெட்டாம் பெருக்கு அன்று கரையோர ஊர்கள் முழுக்கக் கூட்டம், அன்று மட்டும் சைக்கிளை எடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம், நினைக்கவே வேண்டாம். நான் வெயிலுக்குப் பயந்து தையைத் தேர்ந்தெடுத்தேன். இன்னொரு முறை போனாலும் தைதான். தண்ணீர் ஓடும் காவிரியை, இரு பக்கமும் விளைந்த வயலோடு பார்க்கிற காலம் அது. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவார்கள், தண்ணீர் இருப்பைப் பொறுத்து இது மாறும்.

விடியற்காலைப் பனியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது சும்மா இல்லை. உத்தமர்சீலி தாண்டும் வரை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினேன். முன்விளக்கும், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கும் கட்டாயம்.

சாலை எப்படி?

பொதுவாக நல்ல தார்ச்சாலை, ஆனால் ஒடுக்கம். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே சில இடங்களில் அரை அடிப் பள்ளம் உண்டு. பேருந்து ஹாரன் கேட்டதும் சட்டென்று மண்ணில் இறக்கினால் விழுந்துவிடுவீர்கள். தார் ஓரத்திலிருந்து ஒன்றரை அடி உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுங்கள். கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தால் பின்னால் வருவது தெரியும்.

தையில் இன்னொன்று உண்டு, நெல். சம்பா அறுவடை நடக்கும் நேரம். அறுவடை மெஷின் வயலை விட்டு ஏறும்போது சாலையில் சேற்றுக் கட்டிகளை விட்டுப் போகும். சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப் போட்டு, கல் வைத்து மறித்திருப்பார்கள். அதைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பனியில் நனைந்த நெல்லை அந்த அளவுக்குக் கொண்டுவரக் களம் இல்லாதவர்கள், வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? நெல்லின் மேல் சக்கரத்தை ஏற்றக் கூடாது. ஒருவருடைய ஆறு மாத உழைப்பு அது. மறுபாதியில் வண்டி வந்தால் இறங்கி நின்றுவிட்டுப் போகலாம்.

வைக்கோலிடம் மட்டும் ஜாக்கிரதை. ஆடுதுறைக்கு முன்னால், பரப்பிக் கிடந்த வைக்கோலைத் தாண்டலாம் என்று போனேன். அது பின் சக்கரத்துக் கியரில் சுற்றிக்கொண்டு, செயினை நகர்த்தும் டீரெய்லரை இறுக்கிவிட்டது. நல்லவேளை மெதுவாகப் போனேன். கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப் பத்து நிமிடம். இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் டீரெய்லர் உடைந்து, பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

பஞ்சர் ஆனால்?

ஒரு முறை ஆனது, சீமைக் கருவேல முள். சாலையை விட்டு மரத்தடிக்கு ஒதுங்கும்போதுதான் முள் ஏறும், ஓடும்போது அல்ல. ஒதுங்குவதென்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கள். கார் இருந்தாலும் ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், சின்ன பம்ப் மூன்றும் சைக்கிளிலேயே இருக்க வேண்டும். அப்புறம், என்னுடையது போல ஒல்லி வால்வு உள்ள டியூப் என்றால், நம் ஊர் சைக்கிள் கடை பம்பு பொருந்தாது. அதற்கு ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறார்கள். விரல்நுனி அளவுதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிட்டீர்கள்?

இது முழுக்க அத்தையின் பொறுப்பு. கிளம்பும்போது இரண்டு வாழைப்பழம். திருக்காட்டுப்பள்ளியில் நான்கு இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவியது. ஆறினாலும் இட்லி தொண்டையில் இறங்கும், வயிற்றில் கனக்காது. திருவையாற்றில் சூடான அசோகா, ஒரு சின்னக் கிண்ணம். பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய் என்று மூன்றும் சேர்ந்ததை ஓட்டத்துக்கு நடுவில் சாப்பிடலாமா என்று யோசித்தேன். ஆனால் திருவையாற்றில் நின்றுவிட்டு அதைச் சாப்பிடாமல் போக முடியவில்லை. ஒன்றும் செய்யவில்லை. கும்பகோணத்தில் தயிர்சாதம், உறவினர் வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓய்வு, கிளம்பும்போது டிகிரி காபி.

இடையிடையே சட்டைப் பையில் கடலைமிட்டாயும் பேரீச்சையும். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது என் கணக்கு. ஒரு வாழைப்பழத்தில் 20 முதல் 25 கிராம் இருக்கும். பசித்த பிறகு சாப்பிட ஆரம்பித்தால் பிந்திவிடும். கால் ஓய்ந்து, கண் இருட்டி, அரை மணி நேரம் உட்கார வேண்டி வரும்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்விடுகிறது, ரத்தத்தில் சோடியம் குறைந்தால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரை போகும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்த ஓ.ஆர்.எஸ். கார் நிற்கும் இடத்தில் தூக்கில் உப்பு மோர். நல்ல வெயிலில் மோர் மாதிரி எதுவும் இல்லை.

பெண் தனியாகச் சாலையில் ஓட்டுவது... கழிப்பறைக்கு என்ன செய்தீர்கள்?

இதைப் பெண்கள் எல்லோரும் தனியாக அழைத்துத்தான் கேட்கிறார்கள். பொதுவில் கேட்க வேண்டிய கேள்வி. நான் பெரும்பாலும் பெட்ரோல் பங்க்குகளைத்தான் நம்பினேன். காரை முன்னால் அனுப்புவதில் உள்ள பெரிய வசதியும் இதுதான்: அத்தை முதலில் போய்ப் பார்த்துவிட்டு, பூட்டியிருந்தால் சாவி கேட்டு வாங்கி, தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வைத்திருப்பார். கழிப்பறை கிடைக்காதோ என்று பயந்து தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. பள்ளி ஆசிரியைகளுக்குக் கேட்கவே வேண்டாம். நாள் முழுக்க ஓட்டும்போது அது உடம்பைக் கெடுத்துவிடும். மாதவிடாய் நாள் வந்தால் தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தனியாக ஓட்டியதில் யாரும் தொந்தரவு செய்யவில்லை. "எங்கேருந்தும்மா வர்றீங்க?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். மேட்டூர் என்றதும் ஒரு பெரியவர், "தண்ணி வர்ற வழியிலேயே வந்திருக்கீங்க" என்றார். அதைவிட அழகாக இந்தப் பயணத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வயதானவரை நாள் முழுக்கக் காரில் உட்கார வைக்கலாமா?

யோசித்துச் செய்யுங்கள். இரண்டாம் நாள் இரவு அத்தையின் கால்கள் வீங்கியிருந்தன. ஓட்டுகிற என்னையே எல்லோரும் கவனித்துக்கொண்டிருந்ததில், உட்கார்ந்தே வரும் அவரை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அது மிகுந்த வருத்தம். மூன்றாம் நாள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார், பின் இருக்கையில் கால் நீட்டிக்கொண்டார், கும்பகோணத்தில் படுத்துத் தூங்கினார். காரில் வருபவர்களுக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, ஓய்வு, அவர்கள் பார்க்க விரும்பும் இடம் என்று திட்டத்தில் இருக்க வேண்டும். ஆடுதுறையில், 1922ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலைத் தாண்டும்போது காரை நிறுத்தச் சொன்னாராம். அவர் வீட்டு வயலில் நட்ட ஏ.டி.டி. ரகங்கள் அங்கிருந்து வந்தவை. வாசலைத்தான் பார்த்தார், ஆனாலும் அன்று முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

இப்படி ஓட்டினால் நீண்ட தூர சைக்கிள் போட்டியில் கணக்கில் வருமா?

ப்ரெவே என்று சொல்லும் ஓட்டங்களைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவை போட்டி அல்ல, நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம். அதில் வழியில் கார் உதவி கூடாது, கட்டுப்பாட்டு நிலையங்களில் மட்டும் உதவி வாங்கலாம். எனவே என் பயணம் அதில் சேராது. வீட்டோடு போக வேண்டும் என்பதுதான் என் விருப்பமாக இருந்தது.

நாய்கள்?

வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். பத்தடியில் விட்டுவிடும்.

மயிலாடுதுறையில் நிறுத்திவிடலாம் என்று தோன்றவில்லையா?

தோன்றியது. மணி 4.20, கை மரத்துப்போயிருந்தது, எதிரே காற்று. துலாக் கட்டத்துக்குப் பக்கத்தில் கார் நின்றது. ஐப்பசி முழுக்க அங்கே துலா ஸ்நானம். தாமதமாக வந்த முடவனுக்காகக் கார்த்திகை முதல் நாளும் அந்தப் புண்ணியம் உண்டு, அதற்கு முடவன் முழுக்கு என்று பெயர். அத்தை அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "மெதுவா போ, நாங்க இருக்கோம்" என்றார். கணவர் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டயரில் காற்றைப் பார்த்தார், விளக்கைச் சரிபார்த்தார், பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

கடைசியில் பூம்புகார் எப்படி இருந்தது?

மேலையூரிலிருந்து மகன் தன் சைக்கிளைக் காரின் பின்னாலிருந்து இறக்கிக்கொண்டு என்னோடு ஓட்டி வந்தான். மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை இருக்கிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் இங்கே வந்து சேரும்போது கடைமடை விவசாயிகள் பூத்தூவி வரவேற்பார்கள். காலையில் கல்லணையில் அவ்வளவு அகலமாகப் பார்த்த ஆறு, இங்கே ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது, மீதியை வழியெல்லாம் வயல்கள் வாங்கிக்கொள்கின்றன. என் மகன், "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டான். அன்று காலையிலிருந்து நாங்கள் பார்த்த பச்சையும் பொன்னிறமும் எல்லாம் அந்தத் தண்ணீர்தான் என்று சொன்னேன்.

கடற்கரையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேட்டூரில் ஒரு பாட்டிலில் பிடித்த தண்ணீரை அத்தை மூன்று நாளும் மடியில் வைத்திருந்தார். அதை அவரே முகத்துவாரத்தில் ஊற்றினார்.

அடுத்த பயணம்?

கல்லணையிலிருந்து கொள்ளிடக் கரையோடு, அணைக்கரை வழியாகப் பழையாறு வரை. இந்த முறை ஓட்டப் போவது கணவர். காரை நான் ஓட்டுகிறேன். சந்திக்கும் இடங்களை இப்போதே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தக் கரை என்று குறித்து.